வாசலைப் பார்த்த காலணிகள்

மனைவி ஃபுமியே இறந்தபிறகு வீட்டில் நான் ஒருவன்தான். கழற்றிய காலணியைத் திருப்பி வைக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. ஆனால் நாகசாகியில் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, தினமும் காலையில் என் காலணிகள் வாசலைப் பார்த்து ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நிற்கின்றன.

அவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மீன் கடையில் அவள் தங்கை சவாகோவைப் பார்த்தபோது சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அக்காவா? உங்க ஷூவை அவ என்னைக்கு அத்தான் திருப்பி வெச்சா? 'விருந்தாளி கிளம்பறதுக்குத்தான் திருப்பி வைக்கணும், இந்த மனுஷன் வீட்டு ஆளுதானே, கிடக்கட்டும்'னுல்ல சொல்லுவா."

உண்மைதான். அப்படித்தான் சொல்வாள்.

மாலையில் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். உள்ளே விளக்கில்லை. விருந்தாளிகளுக்கென்று நாங்கள் அலமாரியில் வைத்திருந்த வீட்டுச்செருப்பு, என் கால் நுழைய வாகாக உள்படியின்மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

தினமும் சொல்லும் "வந்துட்டேன்" வாய்வரை வந்து நின்றுவிட்டது. அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும்போது சொல்வதைத்தான் சொன்னேன்.

"தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்."