கனடாப் பலகை

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அஜய்குமார், விரிசல் விட்ட தன் பனிச்சறுக்குப் பலகைகளையும் அப்பாவிடம் காட்டத் தூக்கி வந்திருந்தான்.

"வீட்டுல ரிப்பேர் பாத்தா சரிப்படாதுப்பா. புதுசு வாங்கிக்கிறேன்."

போடியில் முப்பது வருஷமாக மரக்கடை நடத்தும் சுந்தர்ராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. மகன் ஆண்டிபட்டி போய்த் திரும்புவதற்குள் வேலையை முடித்துவிட்டார்.

"ஏலே, விரிசல் பசையிலேயே அடங்கிருச்சு. நீ கவனிக்காத பெரிய பழுது ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பலகையும் நுனியில மேல வளஞ்சு கெடந்துச்சு. ஆவி காட்டி, அம்மிக்கல்ல ஏத்தி, நூல் புடிச்சாப்புல நிமித்திட்டேன்!"

அஜய்குமார் தலையில் கைவைத்தான். "அப்பா... கடையில இருந்த அத்தனையும் அப்படித்தாம்ப்பா வளஞ்சிருந்துச்சு!"

சுந்தர்ராஜுக்கு மகன்மேல் இரக்கம் பொங்கியது.

"அம்புட்டும் கோணலா? அதான் வெளியூர்க்காரன்னு பாத்து ஒன் தலையில கட்டிப்புட்டாய்ங்க!"