கூப்பிடாத பிள்ளை

"அப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டா நாக்கு தேஞ்சா போவும்?"

பிலோமினா கேட்கக் கேட்க, கிரேசி அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"விடு பிலோமி. காலங்காத்தால பிள்ளைய ஏசாத" என்று சொல்லிவிட்டு, அம்புரோஸ் வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார்.

அவர் சங்கு குளிக்கிறவர். விடியுமுன் வள்ளம் ஏறினால் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்துவிட்டு, போன தை மாதம்தான் கன்னியர் மடத்திலிருந்து கிரேசியை எடுத்து வந்திருந்தார்கள். அவளுக்குப் பதினொரு வயது.

"தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. நடுவில் ஒரு வீட்டில் வளர்ந்தாள். அங்கேயும் நிலைக்கவில்லை. பொறுமையாகப் பாருங்கள்" என்று மதர் சொல்லித்தான் அனுப்பினார்.

பிலோமினாவை 'அம்மா' என்று கூப்பிட அவளுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்புரோஸிடம்தான் வாய் திறப்பதில்லை. அவர் கோயில் திருவிழாவில் ஆசையாக வாங்கிக் கொடுத்த கவுன், மடிப்புக் கலையாமல் பெட்டியிலேயே கிடந்தது. மத்தியானம் சோறு போட்டால் தொட மாட்டாள். சாயங்காலம் அவர் வந்து கால் கழுவுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிடுவாள்.

"என் மேல உனக்கு என்ன கோவம் மக்கா?" என்று அம்புரோஸ் ஒருநாள் கேட்டே விட்டார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று அவர் சாப்பிடாமல் படுத்தார்.

பிலோமினாவுக்குத் தாங்கவில்லை. "மடத்துலயே கொண்டு விட்டுருவோங்க. அவளுக்கு நம்மகூட ஒட்டல."

"ஒட்டலன்னா திருப்பிக் கொடுக்க, அவ என்ன கடையில வாங்குன சேலையா?" என்றார் அம்புரோஸ்.

இன்று மதியத்துக்கு மேல் காற்று மாறியது. கடல் கறுத்தது. புதுத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே ஆட்கள் கரைக்கு ஓடினார்கள். பிலோமினாவும் ஓடினாள். கிரேசி அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. அம்புரோஸ் போன வள்ளம் மட்டும் வரவில்லை. பிலோமினா மணலில் முழங்கால் போட்டு, "மாதாவே" என்று கதறினாள். கிரேசி அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கடலையே பார்த்து நின்றாள்.

பொழுது சாயும்போது, பாய் கிழிந்து அந்த வள்ளம் வந்து சேர்ந்தது. அம்புரோஸ் தள்ளாடி இறங்கினார்.

கிரேசி தண்ணீருக்குள் பாய்ந்து ஓடினாள்.

"வா மக்கா!" அம்புரோஸ் இரண்டு கைகளையும் நீட்டினார்.

கை எட்டும் தூரத்தில் அவள் சட்டென்று நின்றாள். அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு திரும்பிக் கரைக்கு வந்துவிட்டாள். நீட்டிய கைகளை அம்புரோஸ் மெல்லத் தொங்கவிட்டார்.

பிலோமினா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"செத்துப் பொழச்சு வந்திருக்காரு. இப்பக்கூட அப்பான்னு வாயில வரலியா? நீ பிள்ளையா, கல்லா? நாளைக்கே உன்னை மடத்துல கொண்டு விடுதேன் பாரு!"

கிரேசிக்கு அப்போதுதான் அழுகை வெடித்தது.

"கொண்டு விட்டாலும் சரிம்மா, நான் கூப்பிட மாட்டேன்" என்று தேம்பினாள். "எங்க அப்பா கடலுக்குப் போயி வரல. பொறவு எடுத்து வளத்தவரையும் அப்பான்னுதான் கூப்பிட்டேன், அவரும் வரல... இவரு வரணும்லாம்மா!"