பார்க்க வந்தவர்கள்

“எதைப் பாக்க வந்தீங்க? யானையா, மானா, சிறுத்தையா?” காவலாளி நிஸாம் வருகிறவர்களைப் பதியும் புத்தகத்தைத் திறந்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான்.

“ஒரு ஆளப் பிடிக்க வந்திருக்கேன்” என்றார் அழகையா கங்காணி.

“அதுக்கு இதுல கட்டம் இல்லையே.”

சர்க்கார் வேட்டையைத் தடுத்துக் காவல் போட்ட காடு அது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நான்கு நாள் நடந்து வந்ததில் கங்காணியின் கறுப்புக் கோட்டு செம்மண் நிறமாகியிருந்தது. கையில் பிரம்பு மட்டும் விறைப்பாக இருந்தது.

பின்னால் வந்த அவர் மனைவி கருப்பம்மா தலைக்கூடையை இறக்கினாள். சோற்றுப் பானை, சட்டி, அம்மிக்குழவி எல்லாம் அதில் இருந்தன.

“காலைப் பெரட்டுல பேரு கூப்பிட்டா, சின்னராசா இல்ல. பெண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஓடிட்டான்” என்றார் கங்காணி. “எட்டு நாளைக்குள்ள அவனக் கொண்டாந்து நிறுத்து, இல்லன்னா அவனுக்குப் பதிலா நீ பதுளை ஜெயிலுக்குப் போன்னு தொரை சொல்லிட்டாரு. இன்னியோட ஆறு நாளு ஆச்சுய்யா.”

நிஸாம் ஒரு பக்கத்தைப் புரட்டினான். “ஆமா, ரெண்டு பேரு வந்தாங்க. மான் பாக்கன்னு எழுதியிருக்கேன்.”

“எப்பத் திரும்புவாங்க?”

“பாத்து முடிஞ்சதும்.”

“அப்ப நானே உள்ள போயி இழுத்துட்டு வர்றேன்.”

நிஸாம் எல்லைக்கம்பத்தில் அடித்திருந்த பலகையைக் காட்டினான். அதிலிருந்த இங்கிலீசு அவனுக்கும் தெரியாது. அதிகாரி சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

“இந்த எல்லைக்குள்ள இருக்கிற எந்த உசிரையும் துரத்தக்கூடாது, அடிக்கக்கூடாது, பிடிச்சுக் கட்டக்கூடாது. குட்டியத் தாயிட்டயிருந்து பிரிக்கக்கூடாது.”

கருப்பம்மா வாயைப் பிளந்தாள். “இம்புட்டும் மானுக்கா? நாம குடியிருக்கிற லயத்து வாசலுக்கும் இப்படி ஒரு பலகை கேட்டு வாங்குங்களேன்!”

“சும்மா கெட!” என்று அதட்டிய கங்காணி, நிஸாமிடம் திரும்பினார். “அது மிருகத்துக்குப் போட்ட சட்டம்யா!”

“எந்த உசிரையும்னுதான் போட்டிருக்கு. தோட்டத்து ஆளுக்கு உசிரு இல்லன்னு ஒங்க தொரைகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. நானே கூட வந்து பிடிச்சுத் தர்றேன்.”

கங்காணி பிரம்பால் தன் காலையே தட்டிக்கொண்டார். “வாரண்டோட போலீசு வந்தா?”

“போன மாசம் ஒருத்தரு வந்தாரு. தோள்ல தொங்கின துவக்க வெளிய வச்சிட்டு உள்ள போங்கன்னேன். வழியில யானை நிக்குதான்னு கேட்டாரு. நிக்குதுன்னேன். அப்படியே திரும்பிட்டாரு.”

“தொரையே வந்தா?”

“தொரைமாரு காட்டுக்கு வந்தா சுடத்தான் வருவாங்க. இங்கதான் சுட முடியாதே, எதுக்கு வரப்போறாங்க?”

“நாய விட்டு மோப்பம் பிடிச்சா?”

“நாய்க்கும் தடை.”

“அவனும் மனுசன்தானே? எத்தன நாளைக்குப் பட்டினி கெடப்பான்? எதத் தின்பான்?” கங்காணியின் குரல் உயர்ந்தது.

“கெழங்கு இருக்கு, தேன் இருக்கு, பாலப்பழம் காலடியில கொட்டிக் கெடக்கு. குளத்துத் தண்ணி வத்தினதே இல்ல. ஒங்க சின்னராசா வந்த நாளவிட ஒரு சுத்துப் பெருத்துட்டான்.”

கங்காணி பல்லைக் கடித்தார். கருப்பம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீணா நிக்காதீங்க கங்காணியாரே” என்று நிஸாம் புத்தகத்தை மூடினான். “நீங்க எத்தன கேள்வி கேட்டாலும், உள்ள போனவங்கள யாராலயும் வெளிய எடுக்க முடியாது.”

கங்காணி வந்த வழியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிஸாமின் காதருகே குனிந்தார்.

“சின்னராசாவுக்குப் பக்கத்துல எங்க ரெண்டு பேருக்கும் எடம் கெடைக்குமா, தம்பி?”