காய்ச்சலே இல்லாத கம்பெனி

தையல் கம்பெனியின் மருத்துவ அறையில், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தவரின் வாயிலிருந்து நர்ஸ் தெர்மாமீட்டரை உருவிப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்லை. எந்திரிச்சுப் போய் வேலையைப் பாருங்க.”

“உடம்பு அனலாக் கொதிக்குதும்மா. நெத்தியத் தொட்டுப் பாரு.”

தொட்டாள். சுட்டது. அவளுக்கு அது புதிதில்லை. அந்த அறையில் தினமும் யாராவது ஒருவருக்கு நெற்றி சுடும். தெர்மாமீட்டர் மட்டும் ஒத்துக்கொள்ளாது.

“தொட்டுப் பாத்தெல்லாம் அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு. தெர்மாமீட்டர்ல நூறு காட்டினாத்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி.”

“என்னால நிக்கக்கூட முடியல.”

“காஜா எடுக்கிற அக்காவும் போன வாரம் இதையேதான் சொன்னாங்க. நடிக்காதீங்கன்னு திருப்பி அனுப்பினேன். மெஷின் மேலயே மயங்கி விழுந்து, ஊசி விரல்ல இறங்கிடுச்சு.”

“வைத்தியம் பாத்துக்க ஒரு மனுஷனுக்கு உரிமை கூடவா இல்ல?”

“உரிமையா? சுவத்துல பாருங்க. வைத்தியம் கம்பெனி தர்ற சலுகைன்னு கொட்டை எழுத்துல ஒட்டியிருக்கு.”

அவர் சுவரைப் பார்க்கவில்லை.

“அந்தத் தெர்மாமீட்டர் மூணு டிகிரி குறைச்சுக் காட்டும்மா” என்றார் மெல்ல.

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவருக்குப் பல் தந்தியடித்தது. இனி மறைத்துப் பயனில்லை.

“பழுதுன்னு தெரிஞ்சே அதை இங்க வெக்கச் சொன்னது நான்தானே” என்றார் மேனேஜர்.

நர்ஸ் போய்க் கதவை அகலத் திறந்தாள். வெளியே பெஞ்சில், விரலில் கட்டுப் போட்ட காஜா அக்காவோடு இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள்.

“வண்டிக்குச் சொல்லிடறேன் சார். அதுக்குள்ள இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”