எருமை முதுகில் நிலா

எருமையின் முதுகில் உட்கார்ந்திருந்த கொக்கைப் பார்த்து, "ராத்திரி வானத்துல நிலா மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனது காகம். கொக்குக்குத் தலைகால் புரியவில்லை.

"நிலாவுக்கு இந்தச் சேத்து முதுகு எதுக்கு?" என்று எருமையிடம் சொல்லிவிட்டுப் பறந்துபோய், உப்பளத்தில் வெள்ளைவெளேரென்று குவிந்திருந்த உப்பின் மேல் ஒற்றைக் காலில் நின்றது.

கொஞ்ச நேரத்தில் காகம் நேராக அதன் தலையிலேயே வந்து இறங்கப் பார்த்தது.

"ஏய், நான்தான், நிலா" என்று கொக்கு அலறியது.

காகம் பதறி விலகி, "அடடே, நீயா? உப்புன்னுல்ல நினைச்சேன்" என்றது.

சாயங்காலம் சத்தமில்லாமல் எருமையிடமே திரும்பி வந்தது கொக்கு.

"என்ன, நிலா வந்தாச்சா?" என்று அசைபோட்டுக்கொண்டே கேட்டது எருமை.

கொக்கு அந்த முதுகிலேயே இன்னும் கொஞ்சம் கறுப்பான இடமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தது.