சுருளிக்குப் பிறகு

அவனியாபுரத்தில் ஜெயபாண்டியின் பட்டறையில் வெல்டிங் சத்தம் நின்றிருக்கிறது. டிரில்லிங் மெஷின் மேடையில் வக்கீல் திவ்யாவின் லேப்டாப். கடலைச் செடியிலிருந்து காயைப் பிரிக்கும் மெஷினுக்கு வெளியூர்க் கம்பெனி ஒன்று காப்புரிமை வாங்கிவிட்டது. இனி இங்கே யாரும் அதைச் செய்ய முடியாது. எதிர்த்து மனுப் போட இன்றுதான் கடைசி நாள். மனு, அந்தக் கம்பெனிக்கு முன்பே இதைச் செய்துவந்த இன்னொரு பட்டறைக்காரர் சுருளியுடையது. ஒற்றை ஆள் சொன்னால் எடுபடாது என்று, போட்டிப் பட்டறைக்காரரான ஜெயபாண்டியையும் சேர்த்துக்கொள்ளச் சுருளியும் திவ்யாவும் வந்திருக்கிறார்கள். சேர வேண்டுமானால், 'முதலில் செய்தவர் சுருளி, அதைப் பார்த்தே நான் செய்தேன்' என்ற வரியின் கீழ் அவர் கையெழுத்துப் போட வேண்டும். வாசல் போர்டிலோ 'கடலை மெஷினைக் கண்டுபிடித்த ஜெயபாண்டி' என்று சிவப்பு எழுத்து வெயிலில் பளபளக்கிறது. கையெழுத்துக்கான ஓடிபி அவர் போனில் வந்து விழுகிறது. உள்ளங்கையால் அதை மூடிக்கொள்கிறார். விமானம் ஒன்று தாழ்வாக இறங்க, தகரக் கூரை அதிர்ந்து அடங்குகிறது. "அண்ணே, நம்பரைச் சொல்லுங்கண்ணே. நேரம் போகுது" என்கிறாள் திவ்யா. சுருளி நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஓடாத கிரைண்டிங் வீலைப் பெருவிரலால் உருட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் போர்டு ஏறிய நாளிலிருந்து அவருக்கும் ஜெயபாண்டிக்கும் பேச்சில்லை. திடீரென்று ஜெயபாண்டி எழுந்துபோய்ச் சுருளியின் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறார். "எனக்குக் கண்ணு தெரியல. நீயே வாசிச்சுச் சொல்லு மாப்ள." கண்ணாடி ஜெயபாண்டியின் மூக்கின் மேலேயே இருக்கிறது.