ஒரே உயரம்

“இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. கையெழுத்துப் போடட்டுமா?”

“உங்க இஷ்டம்.”

“இப்படிச் சொன்னா எப்படி? வேணும்னு சொல்லு, இல்ல வேணாம்னு சொல்லு.”

“குக்கர் விசில் அடிக்குது. வைக்கட்டுமா?”

நேற்று அவளும் கணவனும் பேசியது அவ்வளவுதான்.

அடுப்பில் குக்கரே இல்லை.

இன்று பன்னிரண்டரைக்கு மறுபடி அழைப்பான். பஹ்ரைனில் அப்போது பத்து மணி. டீ நேரம். அதற்குள் அவள் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

மடிக்கணினியைத் திறந்தாள்.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் திருச்சி ஏஜென்சி ஒன்றுக்கு அவள் செய்து தரும் இணையப் பக்கம். ‘நாங்கள் அனுப்பும் நாடுகள்’ என்று ஒரு வரிசை கேட்டிருந்தார்கள். அதற்கென்று ஓர் எழுத்துரு இருந்தது. அதில் எழுத்துகள் கிடையாது. ‘கே’ தட்டினால் குவைத். ‘க்யூ’ தட்டினால் கத்தார். ஒவ்வொரு நாடும் கறுப்பாக, வரைபடத்திலிருந்து வெட்டி எடுத்த மாதிரி வந்து நிற்கும்.

வரிசையின் தொடக்கத்தில், புறப்படும் நாடாக, ‘ஐ’ தட்டினாள். இந்தியா.

‘பி’ தட்டினாள். பஹ்ரைன்.

அவன் போய் ஏழு வருடம். திருமணத்துக்கு வந்து, திரும்பிப் போய் ஐந்து வருடம்; நடுவில் விடுமுறைக்கு வந்து போனதோடு சரி.

அடுத்த நாட்டுக்குப் போனாள்.

பதினொன்றரைக்குப் பக்கத்தை இணையத்தில் ஏற்றினாள். ஐந்தாவது நிமிடம் ஏஜென்சிக்காரர் அமலதாஸ் அழைத்தார்.

“என்னம்மா, நாட்டுப் படம் போடச் சொன்னா ஏபிசிடி போட்டு வச்சிருக்கீங்க? நான் என்ன எல்கேஜி அட்மிஷனா நடத்துறேன்?”

எழுத்துருக் கோப்பை ஏற்ற மறந்திருந்தாள். அது இல்லாத இடத்தில் நாடுகள் வெறும் எழுத்துகள்தான்.

இதுவரை அவள் அப்படி மறந்ததில்லை.

ஏற்றினாள்.

“இப்ப வந்துருச்சு. ஆமா, பஹ்ரைன் என்ன இந்தியா சைசுக்கு நிக்குது?”

“எழுத்துதானே சார். எல்லாம் ஒரே உயரமாத்தான் வரும். சின்னதாக்கட்டுமா?”

“வேணாம் வேணாம். இருக்கட்டும். போறவனுக்கு ஒரு தெம்பு வரும்.”

வைத்துவிட்டார்.

வேலை முடிந்தது. அவள் எழவில்லை.

தன் கணினியில் மட்டும், யாருக்கும் போகாத பிரதியில், உண்மையான அளவைப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. இந்தியா அறுபத்தைந்து புள்ளி உயரம் என்றால் பஹ்ரைன் ஒரு புள்ளி.

அறுபத்தைந்தை அழித்தாள். ஒன்று என்று போட்டாள்.

பஹ்ரைன் காணாமல் போனது.

திரையை முந்தானையால் துடைத்தாள். இந்தியாவுக்குப் பக்கத்தில், தூசி மாதிரி, ஏதோ இருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

போகவில்லை.

அந்தத் தூசிக்குள் ஓர் அறை. அறையில் நான்கு கட்டில். கொடியில் அவனுடைய நீலச் சட்டை. எல்லாம் வீடியோ அழைப்பில் பார்த்தவை.

அழுகை வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

சரியாகப் பன்னிரண்டரைக்கு அழைத்தான். பின்னால் யாரோ மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

“ஆபீஸ்ல பேப்பரை நீட்டிட்டுக் காத்திருக்காங்க. என்ன சொல்லட்டும்?”

திருமணமான இரண்டாம் மாதம், விமான நிலைய வாசலில், கேட்க நினைத்த ஒன்று அவள் வாய்வரை வந்தது. அவன் பெட்டியின் எடை கூடிவிடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். விழுங்கிவிட்டாள். பிறகு ஒவ்வொரு விடுமுறையின் கடைசி நாளும் விழுங்கினாள். விழுங்கி விழுங்கி அது வலிப்பதையும் விட்டிருந்தது.

“என்ன, வாயில கொழுக்கட்டையா? பேசேன்.”

“கையெழுத்துப் போடுங்க.”

பின்னால் கேட்ட சிரிப்பு நின்றிருந்தது, அவன் எங்கோ தள்ளி வந்துவிட்டான் போல.

“சரி,” என்றான். குரல் இறங்கியிருந்தது. “அப்ப வச்சிடவா?”

“ஏங்க.”

“சொல்லு.”

“என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்க.”